மாஸ்க்குக்குள் நீங்கள் சொன்னது

இன்று காலை கண்மாய்க்கு அந்தப் பக்கம் யாரோ கருவேல மூட்டம் போட்டிருக்கிறார்கள். கரி வேகிற வாசனை தெரு முழுக்க வந்துவிட்டது. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அதை அப்படியே போட்டுவிட்டு, ஓடிப்போய் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, வாசல் கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைத் திணித்துவிட்டுத் திரும்பினேன். திரும்பிய பிறகுதான் உறைத்தது. யாருக்குப் புகை ஆகாதோ அவர் இந்த வீட்டில் இல்லை. சாக்கை எடுக்கவும் மனம் வரவில்லை. அது அங்கேயே கிடக்கிறது. நான் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியது இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் பதில் உங்களிடம் மட்டும்தான் இருந்தது. நம் மகள் பாப்பாவிடம் கேட்க முடியாது. அவளுக்கு அவளுடைய கணக்கு ஒன்று இருக்கிறது, அதை நான் கலைக்க விரும்பவில்லை. அதனால் இங்கே எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் தெளியும் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ எழுத எழுத இன்னும் குழம்புகிறது.

முதல் தடவை உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதிலிருந்து சொல்கிறேன். அதில் பாதி உங்களுக்கே தெரியாது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஒரு வாரமாக உங்களுக்குச் சளி. காலையில் எழுந்ததிலிருந்தே தூக்கமாக இருந்தீர்கள். சட்டையை உள்பக்கம் வெளியே வர மாட்டிக்கொண்டு வந்து நின்றீர்கள். நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். இரவெல்லாம் இருமினவருக்குக் கண் சொக்குவது இயற்கைதானே என்று நினைத்தேன். ஜும்மா தொழுகைக்குப் போனவரைப் பக்கத்துத் தெருக்காரர்கள் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார்கள். உதடு நாவப்பழம் தின்ற மாதிரி இருந்தது. மூச்சு மேலே மேலே இழுக்கிறது, ஆனால் கண் மூடிக்கொண்டே போகிறது. அதே ஆட்டோவில் ஏறி அருப்புக்கோட்டைக்குப் போனோம். பாப்பா பாலவனத்தத்தில் இருக்கும் அவள் மாமியார் வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள்.

அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குப் பாப்பா வயதுதான் இருக்கும். மணிக்கட்டில் ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்தார். ஆக்ஸிஜனை நிறைய வைத்தால் சரியாகிவிடாதா என்று நான் கேட்டேன். அப்படி இல்லையம்மா என்று சொன்னார். உங்கள் நுரையீரல் பல வருடப் புழுதியிலும் புகையிலும் நைந்து போயிருக்கிறதாம். உள்ளே இழுத்த காற்று முழுதாக வெளியே வராமல் கரியமில வாயு ரத்தத்திலேயே தங்கிவிட்டதாம். இந்த மாதிரி நுரையீரலுக்கு ஆக்ஸிஜனை அளவில்லாமல் கொடுத்தால் அந்த வாயு இன்னும் ஏறுமாம். "அதுதான் மூளைய மயக்குது. காத்தத் தள்ளி விடுற மிஷின் ஒண்ணு இருக்கு, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போடணும். அது புடிச்சுச்சுன்னா தொண்டைல குழாய் போட வேண்டாம். புடிக்கலைன்னா குழாய் போட்டு மதுரைக்கு அனுப்பணும். இவுக நுரையீரலுக்குக் குழாயப் போட்டா திருப்பி எடுக்குறது கஷ்டம்," என்றார்.

மாஸ்க் பிடித்துவிட்டால் போதும் என்பதுதான் எனக்குப் புரிந்தது. ஆனால் உங்கள் தாடிக்கும் அதற்கும் ஆகவில்லை. எப்படி வைத்தாலும் தாடி வழியாகக் காற்று புஸ்ஸென்று வெளியே போனது. நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார். எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். வெளிநாட்டை முடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து வளர்த்த தாடி. அவர்கள் மழித்து முடித்தபோது, கல்யாணத்தன்று ஒரே ஒரு நொடி ஏறிட்டுப் பார்த்த முகம் அந்தத் தலையணையில் கிடந்தது. அந்த அவசரத்திலும் நான் அதைப் பார்த்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை.

தாடி போன பிறகு மாஸ்க் பொருந்தியது. இப்போது நீங்கள் பொருந்தவில்லை. பிய்த்துப் பிய்த்து எறிந்தீர்கள். பேசவும் தொடங்கினீர்கள். அந்தப் பேச்சு தமிழ் இல்லை. அரபி. நீங்கள் ஒரு வார்த்தைகூட அரபி பேசி நான் கேட்டதில்லை. இருபது வருடத்துக்கு மேல் அரபு நாட்டில் இருந்தவருக்கு அது வரும் என்று தெரியும்தான். ஆனாலும் என் கண் முன்னால் என் புருசன் வாயிலிருந்து எனக்குத் தெரியாத ஒரு மனுசன் பேசினார். குரலும் உங்களுடையது மாதிரி இல்லை. ஒடுங்கிப்போய், யாரிடமோ கெஞ்சுகிற குரல். நான் தமிழில் பேசப் பேச அரபியில் பதில் வந்தது. என்னை நேராகப் பார்த்துக்கொண்டே, நானல்லாத யாரிடமோ கெஞ்சினீர்கள்.

அதில் ஒரு சத்தம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பாப், பாப் என்று. பாப்பா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "இங்கதான் இருக்கேன் அத்தா. ஒங்க பாப்பா இங்கதான் இருக்கேன்." நானும் அவளைத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

பக்கத்துக் கட்டிலில் தன் தகப்பனாரோடு துணைக்கு இருந்தவர் நரிக்குடிக்காரர். குவைத்தில் வண்டி ஓட்டியவராம். பாப்பா மருந்து வாங்கக் கீழே போன நேரம் பார்த்து என் பக்கத்தில் வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரி நின்றார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. அவுக பாப்பாவக் கூப்பிடல. பாப்னா அவுக பாசைல கதவு. கதவத் தொறங்க, உள்ள ஆள் இருக்குன்னு சொல்றாக. அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காக."

எந்தக் கதவு, உள்ளே யார் என்று அவரிடமே கேட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்? பாவம், தலையைக் குனிந்துகொண்டு தன் தகப்பனாரிடம் போய்விட்டார்.

அதற்குள் டாக்டரம்மா வந்து, இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம், இப்படியே பிய்த்துக்கொண்டிருந்தால் குழாய்தான் என்றார். கையைக் கட்டலாமா என்று நர்ஸ் கேட்டார். டாக்டரம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். வாரைப் போடாமல் மாஸ்க்கைக் கையில் பிடித்து, லேசாக முகத்தில் வைத்துப் பழக்குங்கள், பேசிக்கொண்டே செய்யுங்கள், தெரிந்த குரலைக் கேட்டால் சில பேர் அடங்குவார்கள் என்றார்.

தெரிந்த குரல்! நான் பேசப் பேசத்தானே நீங்கள் மிரண்டீர்கள். அப்போதுதான் எனக்குத் தோன்றியது, நீங்கள் இப்போது இந்த ஆஸ்பத்திரியில் இல்லை, அங்கே அரபு நாட்டில் இருக்கிறீர்கள் என்று. அங்கே உங்கள் எதிரில் நான் எப்படி நிற்க முடியும்? அங்கே நான் உங்களுக்கு முகமே இல்லை. நமக்குள் நடந்த குடும்பத்தில் முக்கால்வாசி போனில் நடந்தது. கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் போனேன், உங்கள் கண்ணுக்குப் படாமல். குனிந்து வலது காதில் வாயை வைத்து, அந்தக் காலத்தில் கடைப் போனில் உங்களிடம் கத்துகிற மாதிரியே சொன்னேன்.

"ஹலோ. மச்சான், நாந்தான் பேசுறேன். கேக்குதா?"

உங்கள் கை அந்தரத்தில் நின்றது.

"கேக்குது," என்றீர்கள். தமிழில். "சொல்லு."

 விட்டால் போய்விடுவீர்கள் என்று பயம். "நீங்க பேசாதீக. பேசுனா போன் கார்டு தீந்துரும். நான் சொல்றேன், கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க," என்று சொல்லி, மாஸ்க்கை முகத்தில் வைத்தேன். நீங்கள் தள்ளவில்லை. காசு கட்டின பேச்சை வீணாக்காத மனுசன் ஆயிற்றே.

என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். பழைய சேதியெல்லாம் சொன்னேன். குண்டாற்றில் தண்ணீர் வருகிறது என்றேன். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, ஒன்று கறுப்பு என்றேன். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது, கூரையில் எறிந்தாள் என்றேன். கட்டில் காலடியில் மருந்துப் பையோடு வந்து நின்ற பாப்பா அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். மிஷின் காற்றை உள்ளே தள்ளும், நீங்கள் வெளியே விடுவீர்கள். அதோடு சேர்ந்து சேதியை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். நர்ஸ் மெதுவாக வாரை இழுத்து மாட்டினார். உங்களுக்குத் தெரியவே இல்லை.

வெயில் தாழ்கிறவரை பேசினேன். இரண்டாவது தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நீங்கள் கண்ணைத் திறந்து என்னைத் தேடினீர்கள். என்னைத்தான், என் முகத்தை. தண்ணீர் கொடுக்க மாஸ்க்கை எடுத்தபோது கையால் தாடையைத் தடவிப் பார்த்து, "தாடி எங்க?" என்று கேட்டீர்கள். பாப்பா சிரித்துக்கொண்டே அழுதாள். குழாய் இல்லை, மதுரை இல்லை. நாம் வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்கு வந்த பிறகு அந்த மாதிரி மிஷின் ஒன்று நம் அறைக்கும் வந்தது. மத்தியானமும் இரவும் போட்டுக்கொண்டு படுக்க வேண்டும். மாஸ்க் போட்டால் நீங்கள் பேச முடியாது, அதனால் நான் பேசுவேன். நீங்கள் வெளிநாட்டில் இருந்த காலத்தில் குரல் இருந்தது, ஆள் இல்லை. இப்போது ஆள் இருக்கிறார், குரல் இல்லை. இதென்ன குடும்பம் என்று ஒருநாள் நான் சொன்னதற்கு மாஸ்க்குக்குள்ளேயே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். மிஷின் பீப் பீப் என்று கத்தியது.

கதவைப் பற்றி உடனே கேட்கவில்லை. வெகு நாள் கழித்து, கடலை உடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். நினைவில்லாமல் கிடந்தபோது அரபியில் பேசினீர்கள், கதவைத் திறக்கச் சொன்னீர்களாம், உள்ளே யாரோ இருப்பதாகச் சொன்னீர்களாம் என்றேன். கடலையை வாயில் போடப் போனவர் நிறுத்தினீர்கள்.

"எந்தக் கதவு?"

"அதத்தான நான் கேக்குறேன்."

"எனக்கே தெரியலையே," என்றீர்கள். என்னைப் பார்த்துத்தான் சொன்னீர்கள். உங்கள் முகத்தில் இருந்தது திகைப்பா, திகைப்பு மாதிரி வைத்துக்கொண்டதா? இன்று வரை அந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. அங்கே நடந்ததை நீங்கள் எப்போது சொல்லியிருக்கிறீர்கள்? கேட்டபோதெல்லாம், "அங்க என்ன இருக்கு சொல்றதுக்கு, மணலும் வேலையும்தான்," என்பீர்கள்.

டாக்டரம்மாவிடமும் கேட்டேன். அந்த வாயு ஏறினால் யாரும் எதையும் பேசுவார்கள், கனவு மாதிரி, அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தால் எதையும் பார்க்காமல் இருக்க முடியவில்லையே. நீங்கள் குளியலறைக் கதவைத் தாழ் போட்டதே இல்லை. அது உங்கள் பழக்கம் என்று இருந்தேன். மதுரையில் பாப்பாவின் பிரசவத்துக்குப் போனபோது, அவ்வளவு இளைப்போடும் லிஃப்டில் ஏறாமல் படியேறி வந்தீர்கள். பயந்த சுபாவம் என்று இருந்தேன். ஒரு தடவை சொல்லாமல் கொள்ளாமல், பெட்டிகூட இல்லாமல், வெளிநாட்டிலிருந்து பாதியில் ஊருக்கு வந்து நின்றீர்கள். வேலை பிடிக்கவில்லை என்றீர்கள், நானும் நம்பினேன். இப்போது இதெல்லாம் ஒன்றுக்கொன்று கை கோத்துக்கொண்டு வருகிறது. மறுநாளே, எல்லார் வீட்டு ஆம்பிளைகளுக்கும் இப்படி நாலு பழக்கம் இருக்கத்தானே செய்யும் என்றும் தோன்றுகிறது.

உள்ளே இருந்தது நீங்களா? இல்லை, வெளியே நின்று கெஞ்சினது நீங்களா? கதவைத் திறந்தார்களா? அல்லது அப்படி ஒரு கதவே எங்கும் இல்லையா?

நீங்கள் போன பிறகு துக்கம் கேட்க ஒருவர் வந்தார். அங்கே உங்களோடு ஒரே அறையில் இருந்தவராம். துக்க காலம் என்பதால் நான் உள்ளறையில் இருந்தபடி, பாப்பா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, கதவுச் சங்கதியைக் கேட்டேன்.   தண்ணீர் வேண்டும் என்றார். குடித்துவிட்டு, "அவர் நல்ல மனுசம்மா, ரொம்ப நல்ல மனுசன்," என்று சொன்னார். குரல் சரியில்லை. அதோடு கிளம்பிவிட்டார். அது ஒரு பதிலா? கூட்டாளியை நினைத்துத் தொண்டை கட்டியதா? அதையும் நான் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

பாப்பாவுக்கு இதெதுவும் தெரியாது. "நெனவு தப்புனப்பகூட எங்க அத்தா என்னையத்தான் கூப்புட்டாக," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். சொல்லும்போது அவள் முகம் எப்படி இருக்கும் தெரியுமா? நரிக்குடிக்காரர் சொன்னதை நான் எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். சில சமயம், அவர்தான் தப்பாகக் கேட்டாரோ, நீங்கள் பாப்பாவைத்தான் கூப்பிட்டீர்களோ என்றும் இருக்கிறது. அப்படி இருந்தால் எவ்வளவு நல்லது.

இது முதல் கேள்வி. இரண்டாவது, உங்கள் கடைசி நாளைப் பற்றி.

மார்கழிப் பனியில் மறுபடியும் சளி பிடித்தது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. இந்தத் தடவை உங்களுக்குப் புத்தி தெளிவாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். அன்றைக்கு ஆளே மாறிப்போனவர் பிழைத்தீர்கள், இந்த முறை எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டவர் பிழைக்கவில்லை. நெஞ்சு களைத்துவிட்டது, மாஸ்க் மட்டும் போதாமல் போகலாம் என்று டாக்டரம்மா உங்களிடமே சொன்னார். குழாய் போடலாமா என்றும் உங்களிடமே கேட்டார். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், பாப்பாவைப் பார்த்தீர்கள். வேண்டாம் என்று தலையை ஆட்டினீர்கள். யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் வெளியே போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார். அப்போதும் அதேதான். பாப்பா என் தோளில் சாய்ந்துகொண்டாள். நாங்கள் உங்களை மீறவில்லை.

மாஸ்க் போட்டபடியே ஒரு பகல் போனது. நான் பழையபடி தலைமாட்டுக்குப் போய், காதருகே குனிந்தேன். நீங்கள் கையை நீட்டி என் முந்தானையைப் பிடித்து முன்னால் இழுத்தீர்கள். எதிரில் வந்து உட்கார் என்று அர்த்தம். உட்கார்ந்தேன். அப்போது மாஸ்க்குக்குள் என்னவோ சொன்னீர்கள்.

எனக்குக் கேட்கவில்லை. காற்றுச் சத்தத்தில் உங்கள் பேச்சு வெறும் முனகலாக வந்தது. மாஸ்க் உள்ளே ஆவி படிந்து உதடும் தெரியவில்லை. என்ன என்றேன். மறுபடி சொன்னீர்கள், இப்போது கொஞ்சம் நீளமாக. மாஸ்க்கை எடுக்கவா என்று சைகையில் கேட்டேன். எடுத்தால் மூச்சு இறங்கிவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்தது உங்களுக்கும் தெரியும். வேண்டாம் என்றீர்கள். மூன்றாவது தடவையும் அதையே சொன்னீர்கள். கண் என்னிடமே இருந்தது. கெஞ்சவில்லை, அவசரப்படவில்லை. எதையோ கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை.

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

வேறு என்ன செய்வேன்? அவ்வளவு சிரமப்பட்டு மூன்று தடவை சொன்னவரிடம், விளங்கவில்லை என்று நான்காவது தடவையும் எப்படிச் சொல்வது? நான் தலையை ஆட்டியதும் உங்கள் நெற்றிச் சுருக்கம் இறங்கியது. என் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுக் கண்ணை மூடினீர்கள். சாயங்கால அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்ன சத்தம் ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. அது முடிகிற நேரத்தில் மிஷின் காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது, நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி நேரத்துல ஓதுற கலிமாவத்தான் அத்தா சொன்னாக என்கிறாள் பாப்பா. தண்ணீர் கேட்டிருப்பார் என்கிறார் மருமகன். தாகமாக இருந்தால் நான் தலையாட்டியதும் நிம்மதியாகக் கண்ணை மூடுவாரா ஒருவர்? கலிமா என்றால் என்னிடம் பதில் எதிர்பார்ப்பானேன்? பாப்பாவைப் பார்த்துக்கொள் என்றீர்களா? கதவைப் பற்றிச் சொன்னீர்களா? நீங்கள் போனபின் நான் இந்தத் திருச்சுழி வீட்டிலேயே இருக்க வேண்டுமா, பாப்பாவோடு போக வேண்டுமா? அதைச் சொன்னீர்களா? பாப்பா தினமும் கூப்பிடுகிறாள். நான் எதற்குச் சம்மதித்தேன் என்று தெரியாமல் எங்கேயும் கிளம்ப முடியவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? வயசாகிப்போச்சு, பிடிவாதம் என்று நினைத்துக்கொள்கிறாள்.

ஒருவேளை என்னிடம் மன்னிப்புக் கேட்டீர்களோ? ஒருவேளை, நீ என்னை மன்னித்துவிட்டாயா என்று கேட்டீர்களோ? எதற்கு? ஒன்றும் தெரியவில்லை.

கண்டுபிடிக்கிற முயற்சியை இந்த வாரம்தான் விட்டேன். விட்டேன் என்று சொன்னேனே தவிர, இதோ பாருங்கள், எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றை மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்டது பெரிதோ சிறிதோ, என்னால் ஆகக்கூடியதோ ஆகாததோ, நான் தலையாட்டியது பொய் இல்லை. என் காதில் விழுந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்தச் சரி உங்களுடையது. நான் அதைத் திருப்பி வாங்க மாட்டேன்.